காளை ஒன்று, வயது எழுபத்திரண்டு

என் பேரை யாரிடமும் சட்டென்று சொல்ல மாட்டேன். பேர் கேட்டு வந்தவர்களில் எவனும் எதையாவது கொடுத்துவிட்டுப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு தடவை வெள்ள நிவாரணம் என்று சொல்லிப் பேர் எழுதினார்கள். எங்கள் எழுமலைப் பக்கம் குடிக்கவே தண்ணீர் கிடையாது, இதில் வெள்ளம் எங்கே வந்தது. ஆனாலும் எழுதினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியை என் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அதே வாளியை வாங்கி அடுத்தவன் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரே வாளியைப் பதினோரு பேர் வாங்கினோம். வாளி அவர்களோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

இந்தக் கதையைப் பேர் இல்லாமல் சொல்ல முடியாது என்பதால் சொல்கிறேன். என் பேர் காளை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு காளை இருந்தோம், இப்போது நான் ஒருத்தன்தான் மிச்சம். இப்போதெல்லாம் சூர்யபிரகாஷ் என்று நீளமாக வைக்கிறார்கள். கூப்பிட்டு முடிப்பதற்குள் பயல் தெருமுனையைத் தாண்டிவிடுகிறான்.

வீட்டில் மூன்று பேர். நான், மருமகள் செல்லக்கிளி, பேத்தி பாண்டிமீனா. என் மகன் தோட்டத்து மோட்டாரில் கரண்டு அடித்துப் போய் மூன்று வருஷம் ஆகிறது. சொந்த நிலம் கிடையாது. செல்லக்கிளி களையெடுப்பு, பருத்தி எடுப்பு, நூறு நாள் வேலை என்று ஓடி ஓடி எங்கள் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றுகிறாள். இந்த வருஷம் மழை இல்லை, காட்டில் வேலையும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி ஏஜெண்டு வந்து, வருகிற மாசத்து முதல் திங்கட்கிழமை வேன் வரும், ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான். தங்க ரூம் உண்டு, ஆனால் பிள்ளைக்கு இடம் கிடையாதாம். பாண்டிமீனாவை ஏதாவது ஹாஸ்டலில் விட வேண்டும். அவளுக்கு ஒன்பது வயது. விஷயம் தெரிந்த அன்றே அம்மாவின் துணிப்பையைக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்குள் ஒளித்து வைத்தாள். இரண்டு முட்டை உடைந்தது.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு டிரஸ்டு மாடு கொடுக்கிறது என்று பேச்சு வந்தது. புருஷன் இல்லாமல் பிள்ளை வைத்திருக்கிற பொம்பளைகளுக்கு ஒரு சினைமாடு, மாட்டுக்கு வைத்தியம், பிள்ளைக்குப் பத்தாவது வரை படிப்புச் செலவு. நூல் வியாபாரம் பார்த்து ஓய்ந்த சௌரிராஜன் என்ற பெரியவர் நடத்துகிறாராம். மாடு வந்துவிட்டால் பாலை சொசைட்டிக்கு ஊற்றி இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம், வேனைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று செல்லக்கிளி கணக்குப் போட்டாள். அவன் கொடுக்கிற மாட்டுக் கயிற்றின் இன்னொரு முனை யார் கையில் இருக்கும் என்று நான் கேட்டேன். அவள் போய் மனுப் போட்டாள்.

மாடு இல்லாத வீட்டுக்குத்தான் மாடு என்று அவர்களுக்கு ஒரு விதி இருந்திருக்கிறது. அது எனக்கும் அவளுக்கும் வெகு நாள் கழித்துத்தான் தெரியும். முதலிலேயே தெரிந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

டிரஸ்டிலிருந்து வீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போக பிருந்தா என்று ஒரு பிள்ளை வந்தாள். சின்ன வயசு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு பெரிய போன். செல்லக்கிளி கண்மாய் வேலைக்குப் போயிருந்தாள், நான் மட்டும் இருந்தேன். வந்ததும் முதல் கேள்வியே என் பேர். என் பேர் உனக்கு எதற்கு, மாடு மருமகளுக்குத்தானே, அவள் பேரை எழுது என்றேன். மாமனார் என்று மட்டும் தட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் ஒரு பட்டியலை வாசிக்க ஆரம்பித்தாள். டிவி இருக்கா, பிரிட்ஜ் இருக்கா, வண்டி இருக்கா, பசு இருக்கா, எருமை இருக்கா, காளை இருக்கா.

இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசியில் நின்றேன். பார்த்தீர்களா. பேர் தெரியாத மாதிரிக் கேட்டுவிட்டு, ரேஷன் கடையில் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

"காளை இருக்கு. இல்லாம எங்க போகும்?" என்றேன்.

"எத்தனை ஐயா?"

"ஒண்ணுதான். இந்த ஊருக்கே ஒண்ணுதான்."

"வயசு?"

"எழுவத்திரெண்டு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசமா?" என்றாள்.

ஒரு ஆம்பளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளாக எதையோ தட்டிக்கொண்டாள்.

"உழவுக்குப் போகுமா?"

போவாரா என்று கேட்கத் தெரியவில்லை. டவுன்காரப் பிள்ளை, போகட்டும் என்று விட்டேன். "ஒருகாலத்துல உழுதது. இப்பப் படுத்தா எந்திரிக்க நேரமாகுது."

"பல்லு?"

"நாலு."

"கட்டியிருக்கா?"

"கட்டுனது செத்து எட்டு வருசமாச்சு. இப்ப அவுத்துவிட்ட மாதிரிதான் திரியுது."

சரிங்க ஐயா என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அதில் ஒரு பொய் கண்டுபிடிக்க முடியாது.

பத்து நாள் கழித்து பால் சொசைட்டிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பாண்டிமீனா எழுத்தைப் பார்த்தால் விட மாட்டாள், பீடிக்கட்டில் இருப்பதைக்கூடச் சத்தமாக வாசிப்பாள். அன்றைக்கும் சத்தமாகத்தான் வாசித்தாள். "செல்லக்கிளி. இல்லை. காரணம், வீட்டில் காளை உள்ளது."

பால் ஊற்ற நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பால்பாண்டி, இரண்டு மாடு வைத்திருக்கிற மிதப்பில் இருப்பவன், கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "மாமா, ஆம்பளை இருக்குற வீடுன்னு தள்ளிட்டாங்ய. உங்களப் போயி ஆம்பளைன்னு ஒருத்தன் நம்பியிருக்கான் பாருங்க."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆதரவு இல்லாத பொம்பளைக்குத்தான் உதவி என்பார்கள். மாமனார் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி வீட்டில் இருந்தால் அவளுக்கு ஆதரவு இருக்கிறது என்றுதானே எழுதுவான். அந்த ஆதரவுக்கு அவள்தான் கஞ்சி ஊற்றுகிறாள் என்பது சிலேட்டுக்கு எப்படித் தெரியும். செல்லக்கிளி திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய்க் கோழிக்கூட்டில் கையை விட்டுப் பையை எடுத்து உதறி, சுவரில் மாட்டினாள்.

மறுநாள் இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். மகாலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், மாடியில் ஆபீஸ். படிக்கட்டில் 'காலணிகளை இங்கே விடவும்' என்று எழுதியிருப்பதாகச் செல்லக்கிளி சொன்னாள். என் காலில் கிடந்தது உசிலம்பட்டிச் சந்தையில் போன வாரம்தான் வாங்கிய டயர் செருப்பு. சந்தில் போகிற வருகிறவன் எல்லாம் அதைத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. நீ போய்ப் பேசிவிட்டு வா, நான் காவல் இருக்கிறேன் என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன். பேரை ஒளித்தது முதல் கோளாறு என்றால், நான் செய்த இரண்டாவது கோளாறு இது. மேலே போய் என் மூஞ்சியை ஒரு தடவை காட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் அவள் கண் சிவந்து இறங்கி வந்தாள். பஸ் செக்கானூரணி தாண்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். செல்லக்கிளி அதற்கும் ஒரு படி மேலே. ரோட்டில் ஒரு காளை மாடு போனால்கூட 'அந்தா ஆம்பள மாடு போகுது' என்பாள். சௌரிராஜன் நல்ல மாதிரியாகத்தான் காபி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். மாமனார் பேர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் நெளிந்துவிட்டு, சிவன் கோயிலில் சாமிக்கு முன்னால் படுத்திருக்குமே, அதோட பேரு என்று சொல்லியிருக்கிறாள். அவர் நந்தி என்று எழுதிக்கொண்டார். கிட்டத்தட்டச் சரிதான் என்று இவளும் தலையாட்டிவிட்டாள். ஆக அவர்கள் காகிதத்தில் மாமனார் நந்தி தனி, காளை தனி.

"வீட்டுல அது இருக்குற வரைக்கும் மாடு குடுக்க முடியாதுன்னுட்டார் மாமா. அது இதுன்னுதான் பேசுறார். பெரிய மனுசன், கொஞ்சம்கூட மரியாதை இல்ல."

"வேற என்ன கேட்டான்?"

"கொம்பு இருக்கான்னார். அதெல்லாம் இல்ல சார், ரொம்பச் சாது, வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொன்னேன்."

"சரி."

"முட்டுமான்னார். முட்டியிலதான் சார் வலி, தைலம் தேய்ச்சுவிடுறோம்னு சொன்னேன். அதெல்லாம் சும்மா தேய்க்கக் கூடாது, டாக்டர அனுப்புறேன்னார்."

"முடிவா என்ன சொன்னான்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "யாருக்காச்சும் குடுத்துருங்கன்னார். யாரு சார் வாங்குவான்னு கேட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை டாக்டர் வந்து பாப்பாராம். அதுக்குள்ள வெளிய அனுப்பியிருந்தா பேரச் சேத்துருவாகளாம்." அவரும் பிருந்தாவும் நடுநடுவே நமக்குப் புரியாத தங்கள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்றும் சொன்னாள். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். வேறு என்ன இருக்கிறது பேச.

வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. திங்கட்கிழமை வேன் வரும். நான் ரொம்ப யோசிக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு, பால்பாண்டியின் மாட்டுக் கொட்டத்தில் போய் இருந்துகொண்டேன். ஊரில் எனக்குக் கூரை தருகிற ஒரே ஆள் அவன்தான், அதுவும் கேலி பேச ஒரு ஆள் கிடைக்கிறதே என்பதற்காக. போகாதீங்க மாமா, நான் திருப்பூருக்கே போறேன் என்று செல்லக்கிளி வாசல் வரைக்கும் வந்து மறித்தாள். மாடு வந்த பிறகு திரும்பி வருகிறேன், அவன் தினமுமா வந்து எண்ணிப் பார்க்கப் போகிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் பாண்டிமீனா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். இரண்டு மாட்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பதைச் சுற்றிப் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க இங்கனயே இருந்தா நான் ஹாஸ்டலுக்குப் போக வேணாமா?"

"வேணாம்."

"அம்மாவும் வேன்ல போகாதா?"

"போகாது."

"அப்ப இங்கனயே இருங்க."

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாயங்காலம் என் தலையணையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை பிருந்தாவும் கிரிதரன் என்ற மாட்டு டாக்டரும் வந்தார்கள். டாக்டருக்குக் காகிதத்தைப் பார்த்ததிலிருந்தே ஒரு சந்தேகமாம். எழுபத்திரண்டு மாசம் என்றால் ஆறு வயசு. ஆறு வயசுக் காளைக்கு எட்டுப் பல்லும் முளைத்திருக்க வேண்டும், இதில் நாலு என்று இருக்கிறது. எங்கேயோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். வெளியே போய்விட்டது என்று செல்லக்கிளி சொன்னாள். எங்கே என்று கேட்டதற்கு அவள் முழித்தாள். பால்பாண்டி சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம கொட்டத்துலதான் சார் கெடக்கு. ராத்திரி பூரா இருமல்."

பக்கத்து வீட்டுக் கொட்டத்தில் கட்டிவிட்டு இல்லை என்று சொல்கிற தந்திரம் டாக்டருக்குப் பழக்கம் போலிருக்கிறது. இருமல் என்றதும் முகம் வேறு மாறிவிட்டது. கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பால்பாண்டியின் இரண்டு பசுவையும் குனிந்து பார்த்தார். மூலையில் பாய் மேல் கிடந்த என்னையும் பார்த்தார்.

"பெரியவரே, காளை எங்க?"

"நான்தான்."

"உங்களக் கேக்கல. காளையைக் காட்டுங்க."

"காட்டிக்கிட்டுத்தான இருக்கேன். வெளிய அனுப்பச் சொன்னீக, வந்துட்டேன். இதுக்கு மேல எங்க போகச் சொல்றீக?"

டாக்டர் பிருந்தாவைப் பார்த்தார். பிருந்தா சிலேட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சிலேட்டை. கடைசியில் தண்ணித் தொட்டி விளிம்பில் மெதுவாக உட்கார்ந்துகொண்டு, "ஐயா, உங்க பேரு என்ன?" என்றாள்.

முதல் நாள் கேட்ட அதே கேள்வி. இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது. சொன்னேன்.

"அப்ப அந்த எழுவத்திரெண்டு மாசம்..."

"மாசம்னு நான் சொல்லவே இல்லையே தாயி. நீயா கேட்ட, நீயா எழுதுன."

டாக்டருக்கு மட்டும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. நாலு பல்லு என்று எழுதியிருக்கிறதே என்றார். வாயைத் திறந்தேன். தொழில் பழக்கம், மனுஷன் கட்டைவிரலால் என் உதட்டைத் தூக்கி எண்ணியே பார்த்துவிட்டார். "நாலுதான்" என்றார்.

கொட்டத்து வாசலில் நின்ற செல்லக்கிளிக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கொம்பு இருக்கான்னு கேட்டாரே மாமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். என் மகன் போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் சாணிக்குள் படுத்தவன் நான்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிருந்தா சௌரிராஜனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, நந்தி ஐயாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல் என்றார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இதற்கு முன்னால் வீட்டில் மாட்டை வைத்துக்கொண்டு இல்லை என்று அழித்து எழுதிய கதை நிறைய நடந்திருக்கிறது. ஒரு இடத்தில் இருந்த ஆட்டை என் தம்பி என்றே ஒரு ஆள் சாதித்தானாம். அதனால் ஏற்றிய கால்நடையை யாரும் அழிக்க முடியாதபடி சிலேட்டைச் செய்துவிட்டார்கள். ஒரு மாடு கணக்கை விட்டு வெளியே போக மூன்றே வழி. விற்றிருக்க வேண்டும், திருட்டுப் போயிருக்க வேண்டும், செத்திருக்க வேண்டும். மெட்ராஸில் அதைச் செய்துகொடுத்த ஆளைப் பிடித்து நாலாவதாக ஒரு வழி வைக்க ஒரு மாசம் ஆகும். மாடு கொடுக்கிற நாள் திங்கட்கிழமை. வேனும் அன்றைக்குத்தான்.

விற்றது என்றால் சந்தை ரசீது வேண்டும். நான் வேணா வாங்கிக்கிறேன், ஆனா தீனி கட்டுப்படியாகாது என்றான் பால்பாண்டி. திருட்டு என்றால் போலீஸ் காகிதம் வேண்டும். என்னைக் காணவில்லை என்று நானே போய் எழுதிக்கொடுக்க முடியுமா. செத்தது என்றால் டாக்டர் கையெழுத்தும் வீட்டு ஆள் ஒருத்தர் கைரேகையும் போதும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் முடியாது என்றேன். எங்கள் மேலத்தெரு மலையம்மாள் கதை இவர்களுக்குத் தெரியாது. முதியோர் பென்ஷன் கம்ப்யூட்டரில் எவனோ அவளைச் செத்தவள் என்று தட்டிவிட்டான். இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தாள். இதோ நிற்கிறேனே என்றால், நிற்பது சரி, அத்தாட்சி எங்கே என்று கேட்டார்களாம். கடைசியில் அவள் நிஜமாகவே செத்துப்போனாள். பதினாறாம் நாள் காரியத்தன்று தபால் வந்தது, தாங்கள் உயிருடன் இருப்பது ஏற்கப்பட்டது என்று.

"மனுசக் கணக்கும் மாட்டுக் கணக்கும் கலந்துராதா?" என்று பிருந்தாவிடம் கேட்டேன்.

"கலக்காதுங்க ஐயா. இது டிரஸ்டோட கணக்கு மட்டும்தான்."

"மொதல்லயே கலந்துதான தாயி நான் இங்க கெடக்கேன்."

செல்லக்கிளி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "வேணாம் மாமா. உயிரோட இருக்கும்போது அந்த மாதிரி எழுத வேணாம். நான் ஒரு வருசம் போயிட்டு வாரேன்" என்றாள். பாண்டிமீனா பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் என் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. வேடிக்கை பார்க்கிறதா, அழப்போகிறதா என்று தெரியவில்லை.

"நீ போயிட்டா எனக்குக் கஞ்சி யாரு காய்ச்சுவா?" என்று செல்லக்கிளியை அதட்டினேன். "கொண்டாத்தா அந்தச் சிலேட்டை."

சாவுக்குக் காரணம் என்ன என்று சிலேட்டு கேட்டதாம். கோமாரி, வயிற்று உப்புசம், பாம்புக்கடி, முதுமை என்று பிருந்தா வாசித்தாள். முதுமை என்று போடச் சொன்னேன், அதுதான் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. கைரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், ரேஷன் கடையிலும் இதே தகராறுதான். துடைத்து வைத்தேன், எச்சில் தொட்டு வைத்தேன். மூன்று தடவையும் எடுக்கவில்லை. சாகவும் விட மாட்டேங்குதே என்றேன். ஆள்காட்டி விரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அத்தோடு செத்தேன்.

அவர்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் செல்லக்கிளி போனில் மெசேஜ் வந்தது. பாண்டிமீனா தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். "தங்கள் காளையின் இழப்புக்கு வருந்துகிறோம். ஆறடி ஆழத்தில் புதைத்து, மேலே சுண்ணாம்புத் தூள் தூவவும்." பால்பாண்டி பத்து நிமிஷத்தில் கடைக்குப் போய்ச் சுண்ணாம்புப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அதை வீணாக்கவில்லை, வெற்றிலைக்கு வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்து நின்றது. டிரஸ்டு வண்டியைக் காணோம். ஏழே கால் ஆச்சு. சொன்னேனே, பேர் எழுதினவன் எவன் கொடுத்திருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஓடியது. டிரைவர் ஹாரன் அடித்தபடி, இன்னும் நாலு ஊரில் ஆள் ஏற்ற வேண்டும் என்று கத்தினான். செல்லக்கிளி பிள்ளையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் போட்டாள். அதில் இன்னும் கோழி இறகு ஒட்டியிருந்தது.

எனக்கு வேறு யோசனை ஓடவில்லை. துண்டை விரித்து வேனுக்கு முன்னால் ரோட்டில் படுத்துக்கொண்டேன். செத்தவனுக்கு என்ன பயம்.

டிரைவர் இறங்கி வந்து, யோவ் எந்திரிய்யா என்றான். படுத்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று ஏற்கனவே எழுதிக் கொடுத்திருக்கிறேன், சிலேட்டில் போய்ப் பார் என்றேன். அவன் என் கையைப் பிடித்து இழுக்க வந்தபோது பால்பாண்டி குறுக்கே விழுந்தான்.

"அண்ணே, தொடாதீக. முட்டும்."

டிரைவர் நிஜமாகவே இரண்டு அடி பின்னால் போனான்.

அரை மணி நேரம் அப்படிக் கிடந்தேன். வெயில் ஏறி முகத்தில் அடித்தது. ஊரே கூடிவிட்டது. பிறகு கிழக்கே தூசி கிளம்பியது. பாண்டிமீனாதான் முதலில் பார்த்தாள். ஊரெல்லாம் குட்டியானை என்கிற அந்தச் சின்ன லோடு வண்டி குலுங்கிக் குலுங்கி வந்தது, பின்னால் ஒரு செவலை மாடு வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நின்றது. உசிலம்பட்டிப் பக்கம் டயர் பஞ்சராம். செல்லக்கிளி தோளிலிருந்த பையைக் கழற்றிப் பாண்டிமீனாவிடம் கொடுத்தாள். அது நேராகக் கோழிக்கூட்டுக்கு ஓடியது. நான் எழுந்து, துண்டை உதறி, டிரைவருக்கு வழி விட்டேன். வேன் காலி சீட்டோடு போனது.

பிருந்தாவுக்குப் பின்னாலேயே முன் சீட்டிலிருந்து இறங்கினவர் சௌரிராஜன். நான் நினைத்ததைவிடக் குள்ளமான மனுஷன். என்னைப் பார்த்து, நந்தி ஐயா, வணக்கம் என்று கும்பிட்டார். வீட்டுக்குள் வரச் செருப்பைக் கழற்றிவிட்டு, அதை எங்கே விடுவது என்று கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்குத் தெரிந்த தயக்கம்தான். மனுஷனை அப்போதுதான் கொஞ்சம் பிடித்தது.

"விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

செவலைக்கு ஏழு மாசச் சினை. எட்டுப் பல்லும் இருந்தது, நானே உதட்டைத் தூக்கி எண்ணிப் பார்த்துவிட்டேன், யார் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை நான். செல்லக்கிளி அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிருந்தா சிலேட்டை எடுத்தாள். மாட்டுக்காரம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று ஒரு கட்டம் இருந்ததாம். செல்லக்கிளி பேர் சொல்ல மாட்டாமல் என் பக்கம் கையைக் காட்டினாள். பிருந்தா விரலைச் சிலேட்டின் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பேரு சொல்லுங்க ஐயா."

சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"காளை. மனுசன்."

தட்டினாள். "வயசு?"

"எழுவத்திரெண்டு" என்றேன். அவள் விரல் இறங்குவதற்குள் சட்டென்று சேர்த்தும் சொன்னேன். "வருசம்."